கியர் ஆயில் மாற்றினால் வாரண்டி போய்விடுமா?

இரண்டாவது கியர் விழ அடம்பிடிக்கிறது. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினால் 'கர்ர்' என்று ஒரு அரைப்புச் சத்தம். கார் வாங்கி இரண்டரை வருஷம்தான் ஆகிறது, வாரண்டி முடிய இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. அந்தத் தைரியத்தில் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனால், பானெட்டைத் திறப்பதற்கு முன்பே அட்வைஸரின் வாயிலிருந்து வரும் கேள்வி: "சார், வண்டிய வெளில எங்கயாவது விட்டீங்களா?"

"கியர் ஆயில் மட்டும் மாத்தினேன்" என்று உள்ளதைச் சொன்னால் போச்சு. "அப்ப வாரண்டி வராது சார், கம்பெனி ஒத்துக்காது." கிளட்ச் செட், சிங்க்ரோ ரிங், லேபர் என்று வரிசை கட்டி எஸ்டிமேட் பிரிண்ட் ஆகி வந்துவிடும்.

கார் உள்ள எந்த ஊரிலும் நடக்கிற பேச்சுதான் இது. ஆனால் புதுச்சேரியில் இது இன்னும் கொஞ்சம் சூடாக நடக்கக் காரணங்கள் உண்டு. சனி, ஞாயிறு வந்தால் இசிஆரில் இறங்குகிற சுற்றுலாக் கூட்டத்துக்கு நடுவே நேரு வீதியிலும் மிஷன் வீதியிலும் வண்டிகள் முதல் கியருக்கும் இரண்டாவது கியருக்கும் இடையே அல்லாடும். காரைச் சென்னையிலோ விழுப்புரத்திலோ கடலூரிலோ வாங்கிவிட்டு இங்கே ஓட்டுகிறவர்கள் உண்டு. குறைந்த சாலை வரிக்காக இங்கே பதிவு செய்துவிட்டு வேறு மாநிலத்தில் ஓட்டுகிறவர்களும் உண்டு. 2017ல் கேரளத்தில் அது பெரிய சர்ச்சையாகவே வெடித்தது. விற்றவர் ஓர் ஊர், சர்வீஸ் செய்தவர் ஓர் ஊர், வண்டி நிற்பது இன்னோர் ஊர். கியர் பாக்ஸ் மக்கர் பண்ணும்போது பழியை யார் தலையில் கட்டுவது என்பதுதான் கேள்வி.

பழி பெரும்பாலும் ஆயில் மேல் விழுகிறது. சின்ன கார் ஒன்றின் கியர் பாக்ஸுக்குள் இருப்பது ஏறத்தாழ இரண்டு லிட்டர் ஆயில். அதை மாற்றியது வாரண்டியை ரத்து செய்யப் போதுமான காரணமா? இன்ஜினீயரிங் ஒரு பதில் சொல்கிறது, சட்டம் ஒரு பதில் சொல்கிறது, கவுண்டரில் கிடைக்கிற பதில் வேறாக இருக்கிறது.

வழுக்கவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும்

மேனுவல் கியர் பாக்ஸில் ஆயிலுக்கு ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வேலைகள். பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று உரசித் தேயாமல் வழுக்கவிட வேண்டும். அதே சமயம், சிங்க்ரோ ரிங் என்கிற பித்தளை வளையம் கியரின் கூம்பு முகத்தைப் பிடிக்கும்போது மட்டும் வழுக்கிவிடக் கூடாது.

அந்த வளையத்தின் வேலை வேகத்தைச் சமன் செய்வது. ஓடுகிற பஸ்ஸில் ஏறுகிறவர் கூடவே நாலு எட்டு ஓடிவிட்டு ஃபுட்போர்டில் கால் வைப்பாரே, அதே கணக்கு. வளையம் கியரை உரசிப் பிடித்து, ஷாஃப்ட்டின் வேகத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் பற்கள் கோத்துக்கொள்ள வேண்டும். ஆயில் அளவுக்கு மீறி வழுக்கினால் வளையத்துக்குப் பிடி கிடைக்காது, வேகம் சமனாவதற்குள் பற்கள் மோதிக்கொள்ளும். அந்த 'கர்ர்' சத்தம் அங்கிருந்துதான் வருகிறது.

இங்கேதான் டப்பாவின் மேல் இருக்கும் சின்ன எழுத்து முக்கியமாகிறது. அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட்டின் தர வரிசையில் இன்று கார்க்காரர்கள் பார்க்க வேண்டியவை ஜிஎல்-4, ஜிஎல்-5 என்ற இரண்டு. பலரும் ஐந்து என்றால் நாலைவிட உசத்தி என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. ஜிஎல்-5 என்பது பின் ஆக்ஸிலில் இருக்கும் ஹைபாய்டு கியர்களுக்காக வந்தது. அங்கே பற்கள் கடும் அழுத்தத்தில் சறுக்கியபடியே சுழல்வதால், உலோகத்தைக் காக்கும் கந்தக-பாஸ்பரஸ் சேர்மானம் அதில் கூடுதல். அதே கந்தகம், சூடு ஏறும்போது பித்தளை, வெண்கலம் போன்ற மஞ்சள் உலோகங்களை மெல்ல அரிக்கக்கூடியது. முன்சக்கர இழுவைக் கார்கள் பலவற்றின் மேனுவல் கியர் பாக்ஸுக்கு ஜிஎல்-4 என்று புத்தகம் சொல்வதன் காரணம் இதுதான்.

அதற்காக ஜிஎல்-5ஐக் கண்டாலே ஓட வேண்டியதில்லை. ஹைபாய்டு கியரும் கியர் பாக்ஸும் ஒரே ஆயிலில் குளிக்கும் சுபாரு கார்களில் கம்பெனியே ஜிஎல்-5தான் ஊற்றச் சொல்கிறது. இன்றைய ஜிஎல்-5 ஆயில்கள் செம்புப் பட்டையை அரிக்கிறதா என்ற சோதனையைத் தாண்டித்தான் சந்தைக்கு வருகின்றன. எனவே, தவறான ஆயில் ஊற்றிய மறுவாரமே சிங்க்ரோ ரிங் கரைந்துபோய்விட்டது என்று யாராவது சொன்னால், அதையும் அப்படியே நம்பிவிட முடியாது. அரிப்பு என்பது மெதுவாக நடக்கும் காரியம். ஆனால் பிடி இல்லாமல் வழுக்குவது முதல் நாளிலிருந்தே கைக்குத் தெரியும்.

ஒரு டிரம், எல்லா வண்டிக்கும்

அம்பாசடரும் ஆம்னியும் ஓடிய காலத்தில் ஒரு ஒர்க்ஷாப்புக்கு ஒரே ஒரு கியர் ஆயில் டிரம் போதுமாக இருந்தது. இரண்டுமே பின்சக்கர இழுவை வண்டிகள். பின் ஆக்ஸிலுக்குக் கட்டாயம் கனமான ஆயில் வேண்டும். அதையே கியர் பாக்ஸுக்கும் ஊற்றிப் பழகிய கைகள் ஏராளம். இன்று வாடிக்கையாளர் கொண்டுவரும் வண்டி மாறிவிட்டது. பல இடங்களில் டிரம் மட்டும் மாறவில்லை.

இன்னொரு நம்பிக்கையும் உண்டு. "நம்ம ஊரு வெயிலுக்குக் கட்டி ஆயில்தான் சார் தாங்கும்." மைலேஜுக்காகவும் லேசான கியர் ஷிஃப்டுக்காகவும் இப்போதைய கியர் பாக்ஸ்கள் பலவற்றுக்கு 75டபிள்யூ-80 போன்ற மெல்லிய ஆயில் சொல்லப்படுகிறது. அதில் 85டபிள்யூ-140ஐ ஊற்றினால், வளையம் கூம்பைத் தொடுவதற்கு முன் நடுவில் இருக்கும் கெட்டி ஆயில் படலத்தைப் பிதுக்கித் தள்ள வேண்டும். கடலோரத்து வெயிலிலும் காலையில் முதல் சில கிலோமீட்டருக்கு கியர் இறுக்கமாக இருக்கிறதென்றால் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

எண்களைப் பார்த்தும் ஏமாறக் கூடாது. கியர் ஆயிலின் 90ம் இன்ஜின் ஆயிலின் 40ம் வேறு வேறு அளவுகோல்கள். 75டபிள்யூ-90 கியர் ஆயிலும் 10டபிள்யூ-40 இன்ஜின் ஆயிலும் சூட்டில் ஏறக்குறைய ஒரே கெட்டித்தன்மைதான். ஹோண்டா தன் பழைய மேனுவல் கியர் பாக்ஸ்களுக்கு இன்ஜின் ஆயிலையே சொன்னதுண்டு. சில அமெரிக்க வண்டிகளின் மேனுவல் கியர் பாக்ஸில் ஆட்டோமேட்டிக் வண்டிக்கான ஏடிஎஃப் போகிறது. டப்பாவில் 'எம்டி-1' என்று இருந்தால் 'மேனுவல் டிரான்ஸ்மிஷன்தானே' என்று வாங்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது சிங்க்ரோ இல்லாத பஸ், லாரி கியர் பாக்ஸுக்கான தரம்.

ஆக, எந்த ஆயில் உசத்தி என்று கேட்பதில் அர்த்தமில்லை. ஓனர்ஸ் மேனுவலின் கடைசிப் பக்கங்களில் அந்த கியர் பாக்ஸுக்கு என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் பார்க்க வேண்டியது. வாரண்டிச் சண்டை வந்தால் முதலில் புரட்டப்படுவதும் அந்தப் பக்கம்தான்.

கம்பெனி ஆயிலே சறுக்கிய கதை

கம்பெனி ஊற்றிய ஆயில் என்றால் தப்பே வராது என்ற எண்ணத்துக்கு 2013ல் ஒரு அடி விழுந்தது. ஃபோக்ஸ்வாகன் தன் 7 கியர் டிஎஸ்ஜி பெட்டி பொருத்திய சுமார் 16 லட்சம் கார்களை உலகம் முழுக்கத் திரும்ப அழைத்தது. அது கிளட்ச் பெடல் இல்லாத பெட்டி, உள்ளே இருப்பதோ மேனுவல் பாணி பற்சக்கரங்களும் சிங்க்ரோக்களும். தொழிற்சாலையில் ஊற்றிய சிந்தெடிக் ஆயில், வெயிலும் புழுக்கமும் நெரிசலும் சேர்ந்த ஊர்களில் எலெக்ட்ரானிக் பகுதியில் கோளாறை உண்டாக்கியது. தீர்வு என்ன தெரியுமா? சிந்தெடிக்கை வடித்துவிட்டு, மினரல் ஆயிலை ஊற்றினார்கள். அந்த வருஷம் மார்ச் 15 நுகர்வோர் தினத்தில் சீன அரசுத் தொலைக்காட்சி இந்தப் பிரச்சினையை அம்பலப்படுத்திய பிறகு, அங்கே மட்டும் 3,84,181 கார்கள் ரீகாலுக்கு வந்தன.

வெயில், புழுக்கம், நெரிசல் மூன்றும் புதுச்சேரிக்குப் புதிதல்ல.

'லைஃப்டைம் ஆயில், மாத்தவே வேணாம்' என்பது அட்வைஸர்கள் அடிக்கடி சொல்லும் இன்னொரு வாக்கியம். எந்த லைஃப்டைம் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. கம்பெனியின் வாரண்டிக் காலமா, வண்டியின் ஆயுளா? மாருதி சுஸுகி 2024 ஜூலையில் தன் புதுக் கார்களின் வாரண்டியை 2 வருஷம், 40,000 கி.மீ. என்பதிலிருந்து 3 வருஷம், 1 லட்சம் கி.மீ. என்று உயர்த்தியது. ஒரு லட்சம் கிலோமீட்டருக்குள் கியர் ஆயில் மாற்றும் கட்டம் பல வண்டிகளில் வந்துவிடும். முன்பு வாரண்டி முடிந்த பிறகு நடந்த ஒரு வேலை, இப்போது வாரண்டிக்குள் நடக்கிறது. அதனால் தகராறுக்கான இடமும் அகலமாகியிருக்கிறது.

2,544 கோடி ரூபாய் உத்தரவு

2011 ஜனவரியில் ஒரு கார் வாடிக்கையாளர் இந்தியப் போட்டி ஆணையத்தில் புகார் கொடுத்தார். உதிரிபாகங்களும் கோளாறு கண்டறியும் கருவிகளும் கம்பெனி டீலர்களைத் தவிர வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைப்பதில்லை என்பது அவர் வாதம். ஹோண்டா, ஃபோக்ஸ்வாகன், ஃபியட் என்று மூன்று கம்பெனிகள் மீது தொடங்கிய விசாரணை, கிட்டத்தட்ட இந்தியச் சந்தை முழுவதையும் வளைத்துக்கொண்டது. 2014 ஆகஸ்ட் 25ல் 14 கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம். மாருதி, டாடா, மஹிந்திரா, டொயோட்டா தொடங்கி, சென்னையைச் சுற்றித் தொழிற்சாலை வைத்திருந்த ஃபோர்டு, நிஸ்ஸான், பிஎம்டபிள்யூ, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் வரை அந்தப் பட்டியலில் இருந்தன. 2015 ஜூலையில் ஹுண்டாய்க்கும் தனியாக 420 கோடி ரூபாய் அபராதம் வந்தது.

தலைப்புச் செய்தியில் அபராதத் தொகைதான் இடம்பிடித்தது. கார்க்காரருக்கு வேண்டிய வரி உத்தரவின் உள்ளே இருந்தது. வெளி மெக்கானிக்கிடம் போனார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது; வெளியில் செய்த தவறான வேலையால் எந்தச் சேதம் ஏற்பட்டதோ, அந்த அளவுக்கு மட்டும் வாரண்டியை மறுக்கலாம். ஆயில் மாற்றியதற்கும் சிங்க்ரோ தேய்ந்ததற்கும் தொடர்பு இருந்தால் அந்தப் பகுதிக்கு மறுக்கலாம். ஏசி கம்ப்ரஸருக்கோ பவர் விண்டோவுக்கோ அதே காரணத்தைக் காட்ட முடியாது.

அபராதம் குறித்த சட்டப் போராட்டம் நீண்டது. 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் டொயோட்டா, ஃபோர்டு, நிஸ்ஸான் மூன்றின் விஷயத்தில் ஆணையத்தின் முடிவை ஏற்றுக்கொண்டு, அபராதக் கணக்கை மட்டும் உதிரிபாக விற்பனை அளவுக்குச் சுருக்கியது.

இந்தச் சிந்தனை இந்தியாவில் முளைத்ததும் அல்ல. அமெரிக்காவில் 1975லேயே மேக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டம் வந்துவிட்டது. குறிப்பிட்ட பிராண்டைத்தான் வாங்க வேண்டும் என்று வாரண்டிக்கு நிபந்தனை போட வேண்டுமானால், அந்தப் பொருளை இலவசமாகக் கொடு என்கிறது அந்தச் சட்டம். ஐரோப்பிய யூனியன் 2010ல் கொண்டுவந்த விதிமுறையும் அதன் வழிகாட்டுதலும், வழக்கமான சர்வீஸைக் கம்பெனி டீலரிடம்தான் செய்ய வேண்டும் என்று வாரண்டியைக் கட்டிப்போடுவதை ஏற்பதில்லை.

கோர்ட் என்ன சொன்னது?

வாடிக்கையாளர் பக்கம் மட்டுமே நியாயம் என்று கோர்ட்டுகள் சொல்லிவிடவில்லை. ஜம்மு-காஷ்மீரிலிருந்து வந்த மாருதி உத்யோக் வழக்கில், கிளட்ச் தொடர்பான கோளாறுக்காகப் புதுக் காரே தர வேண்டும் என்ற உத்தரவை 2006ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பழுதான பாகத்தை மாற்றித் தருவதாகத்தான் வாரண்டி சொல்கிறது, முழு வண்டியை அல்ல என்றது. 'புது கார் குடு, இல்லாட்டி கேஸ்' என்று நிற்பவர்களுக்கு இந்தத் தீர்ப்பு ஒரு தடை.

மறுபக்கம், 2004ல் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் வழக்கில், பழுதான காரைப் புதுசு என்று விற்றதற்கு டீலரும் தயாரிப்பாளரும் சேர்ந்தே பொறுப்பு என்றது அதே நீதிமன்றம். 'நாங்க வெறும் டீலர்', 'அது டீலர் விஷயம்' என்று பந்தை இரண்டு பக்கமும் தட்டிவிடும் விளையாட்டுக்கு அங்கே இடமில்லை.

2022 ஏப்ரலில் வந்த ஹுண்டாய் கிரெட்டா தீர்ப்பு, ஆதாரத்தை யார் கொண்டுவருவது என்ற கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. விபத்தில் ஏர்பேக் விரியவில்லை. எந்த வேகத்தில், எந்த விசையில் மோதினால் ஏர்பேக் விரியும் என்றெல்லாம் கணக்குப் போட வாடிக்கையாளர் ஒன்றும் இயற்பியல் நிபுணர் இல்லை என்றது உச்ச நீதிமன்றம். இழப்பீடும் மாற்று வண்டியும் தரச் சொன்ன உத்தரவு உறுதியானது. கியர் பாக்ஸ் வழக்குக்கு இது அப்படியே பொருந்திவிடாது. விரியாத ஏர்பேக் தன் கோளாறைத் தானே காட்டிவிடுகிறது. தேய்ந்த சிங்க்ரோவுக்கு மோசமான வார்ப்பும் காரணமாகலாம், தவறான ஆயிலும் காரணமாகலாம், முழுதாக விடுபடாத கிளட்சும் காரணமாகலாம், ஓட்டுகிறவரின் கையும் காரணமாகலாம். நுகர்வோர் ஆணையங்கள் நிபுணர் அறிக்கை கேட்பது அதனால்தான்.

புதுச்சேரியிலிருந்தே வழக்குப் போடலாம்

விற்ற பொருளில் மறைந்திருக்கும் குறைக்கு விற்றவர் பொறுப்பு என்பது இந்த ஊர் மண்ணுக்குப் பழைய விஷயம். பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 1641ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. 1819ல் பிரெஞ்சு இந்தியாவில் அந்தச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்தது. 1960களில் இந்தியச் சட்டங்கள் புதுச்சேரிக்கு நீட்டிக்கப்படும் வரை வணிகம் அதன் கீழ்தான் நடந்தது. பிரான்ஸில் பழைய கார் வாங்கி ஏமாந்தவர்கள் இன்றும் தூக்கிக்கொண்டு போவது அதே பிரிவைத்தான்.

இன்று புதுச்சேரிக்காரருக்குக் கைகொடுப்பது 2020 ஜூலை 20ல் நடைமுறைக்கு வந்த 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பது அதில் பெரிய மாற்றம். காரைச் சென்னையில் வாங்கியிருந்தாலும் முதலியார்பேட்டையில் குடியிருப்பவர் புதுச்சேரி மாவட்ட ஆணையத்தின் படியேறலாம். காரைக்கால் ஒரு பக்கம், கோதாவரி ஓரத்தில் ஏனாம், அரபிக்கடல் ஓரத்தில் மாஹே என்று சிதறிக் கிடக்கும் யூனியன் பிரதேசத்தில் இணைய வழியில் மனு போடும் வசதியும் சின்ன விஷயமல்ல.

கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம் போதும். 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையிலான காருக்குக் கட்டணம் 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். பிரச்சினை எழுந்த 2 வருஷத்துக்குள் போக வேண்டும். எதிர்த் தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள், கூடுதலாக அதிகபட்சம் 15 நாள். அதற்கு மேல் ஒரு நாளும் நீட்டிக்க முடியாது என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்த்துச் சொல்லிவிட்டது. சோதனை தேவைப்படாத வழக்குக்கு 3 மாதம், தேவைப்படும் வழக்குக்கு 5 மாதம் என்று சட்டம் கெடு வைக்கிறது. நடைமுறையில் வாய்தாக்கள் அதைத் தாண்டிப் போவது வேறு கதை.

வடித்துக் கொட்டிய சாட்சி

பரிசோதித்தால்தான் குறை தெரியும் என்ற நிலையில், பொருளையோ மாதிரியையோ அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. 45 நாளில் அறிக்கை வர வேண்டும். பழைய ஆயிலில் செம்பு எவ்வளவு, இரும்பு எவ்வளவு, பாஸ்பரஸ் எவ்வளவு என்பதை ஆய்வகம் அளந்து சொல்லிவிடும். செம்பு எகிறியிருந்தால் பித்தளை வளையம் கரைந்திருக்கிறது. பாஸ்பரஸ் அளவை வைத்து, உள்ளே இருந்தது புத்தகம் சொன்ன வகை ஆயிலா இல்லையா என்று ஊகிக்கலாம். கெட்டித்தன்மையும் தெரிந்துவிடும்.

ஆனால் அனுப்புவதற்கு ஆயில் எங்கே? லிஃப்டில் வண்டி ஏறுகிறது. டிரெய்ன் போல்ட்டைக் கழற்றியதும் கறுத்த ஆயில் தட்டில் இறங்குகிறது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் சில சமயம் அதில் பொன்துகள் போல ஒரு மினுமினுப்பு. அதுதான் பித்தளை. போல்ட்டின் நுனியில் உள்ள காந்தத்தில் இரும்புத் தூள் சேறு மாதிரி அப்பியிருக்கும். பையன் அதை ஒரு துணியால் துடைக்கிறான், தட்டை வேஸ்ட் ஆயில் பீப்பாயில் கவிழ்க்கிறான். பத்து நிமிஷத்தில் வழக்கின் முக்கிய சாட்சி காணாமல் போய்விடுகிறது. மிஞ்சுவது ஜாப் கார்டு. அதிலும் 'கியர் ஆயில் - 2 லி' என்று மட்டும்தான் இருக்கும்.

இந்தத் தகராறில் இரு தரப்பும் தோற்பது இந்த இடத்தில்தான். வெளி ஒர்க்ஷாப்பில் சரியான ஆயிலையே ஊற்றியிருந்தாலும், கிரேடு எழுதாத பில்லை வைத்து வாடிக்கையாளர் அதை நிரூபிக்க முடியாது. தவறான ஆயில்தான் காரணம் என்று டீலர் உண்மையிலேயே நம்பினாலும், மாதிரியைப் பத்திரப்படுத்தாமல் பீப்பாயில் கொட்டிவிட்டு அதை ஆணையத்தில் நிறுவ முடியாது.

வண்டிக்காரர்கள் கவனத்துக்கு

* ஓனர்ஸ் மேனுவலில் உள்ள கியர் ஆயில் பக்கத்தையும் வாரண்டி புத்தகத்தின் விலக்குப் பகுதியையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.
* வெளியில் மாற்றினால், பிராண்ட், ஜிஎல் தரம், கெட்டித்தன்மை எண், அளவு, கிலோமீட்டர் ஐந்தும் பில்லில் இருக்க வேண்டும். காலி டப்பாவையும் தூக்கி எறிய வேண்டாம்.
* ஃபில்லர் போல்ட் கழல்கிறதா என்று பார்த்த பிறகே டிரெய்ன் போல்ட்டைத் திறக்கச் சொல்லுங்கள். வடித்த பிறகு ஊற்றும் வழி திறக்கவில்லையென்றால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான்.
* சத்தத்தோடு சர்வீஸ் சென்டருக்குப் போனால், உங்கள் புகாரை உங்கள் வார்த்தையிலேயே ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். 'ஜெனரல் செக்கப்' என்ற சொல்லுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.
* வாரண்டி மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்னால், அன்றே மின்னஞ்சலில் அதைக் குறிப்பிட்டு அனுப்பிவிடுங்கள்.
* பழைய ஆயிலில் ஒரு சிறு பாட்டிலை இரு தரப்பும் பார்க்க சீல் வைத்து, தேதி போட்டு வைக்கலாம். கழற்றிய வளையத்தையும் கேட்டு வாங்குங்கள்.
* வழக்குக்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் பதியலாம். சில தகராறுகள் அங்கேயே முடிந்துவிடுகின்றன.

அடுத்து எலெக்ட்ரிக் கார்

கிளட்சும் சிங்க்ரோவும் இல்லாத எலெக்ட்ரிக் கார்கள் ஷோரூம்களை நிறைக்கத் தொடங்கிவிட்டன. ஆனால் மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு ரிடக்ஷன் கியர் அங்கேயும் இருக்கிறது, அதற்கும் ஆயில் வேண்டும். சில வடிவமைப்புகளில் அந்த ஆயிலே மோட்டாரின் செம்புச் சுருளை நனைத்துக் குளிர்விக்கிறது. செம்பை அரிக்காத சேர்மானம் வேண்டும் என்ற பித்தளை வளையக் காலத்துக் கவலை, இன்னும் விலை உயர்ந்த பாகத்துக்கு இடம் மாறியிருக்கிறது. பேட்டரிக்கு 8 வருஷம், 1,60,000 கி.மீ. வாரண்டி தருகிற மாடல்கள் உண்டு. அவ்வளவு காலமும் வெளி மெக்கானிக்குக்குக் கருவியும் சர்வீஸ் மேனுவலும் கிடைக்குமா என்பது 2014 உத்தரவு எழுப்பிய அதே கேள்வி.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் 'பழுது பார்க்கும் உரிமை' குறித்து ஆராய ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், மொபைல், வீட்டு உபயோகப் பொருட்களோடு வாகனங்களையும் அதில் சேர்த்தது. அதே வருஷம் டிசம்பர் 24ல் அதற்கென ஒரு இணையதளமும் திறக்கப்பட்டது. சர்வீஸ், வாரண்டி விவரங்களைக் கம்பெனிகள் அங்கே பகிர வேண்டும் என்பது ஏற்பாடு. இந்த உரிமைக்கென்று தனிச் சட்டம் இன்னும் வரவில்லை.